குழாயடியில் யாரால் யாருக்கு ஆபத்து?

(விக்ரோலி பார்க்சைட் பகுதியில் நடந்த குடும்பக் கூட்டத்தில், மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் வார்டு ஆயாவாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சங்க உறுப்பினர் ஆற்றிய உரை.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆஸ்பத்திரி வார்டில் பெட்பேன் எடுத்தவள் நான். 'சுத்தமும் சுகாதாரமும்' என்ற தலைப்பில் பேசுங்கள் என்று தலைவர் அண்ணாச்சி சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கிற தலைப்பு அது. சுத்தமாக இருக்கத் தெரியாதவர்களா நாம்? தண்ணீர் இருந்தால் இருப்போம். ஆகவே நானே தலைப்பை மாற்றிக்கொண்டேன். எச்.ஐ.வி. உள்ளவர்களும் தண்ணீரும், இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதோ, பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் தம்பி. காதால் கேட்பதால் ஒட்டிக்கொள்கிற நோய் அல்ல அது.

2002ஆம் வருஷம் நடந்ததை முதலில் சொல்கிறேன். நாங்கள் அப்போது மலை மேலே ஒரு சாலில் இருந்தோம். எங்கள் வரிசையில் நாலு கோலி தள்ளி, நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகனுக்கு 28 வயது. பட்டறையில் வேலை. திடகாத்திரமான பையன், ஒரு வருஷத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டை யாரோ பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சால் முழுவதும் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் விடிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போனதும், அடுத்து நின்றவள் சோப்புப் போட்டுக் குழாய் வாயைக் கழுவினாள். அதற்கு மறுநாள், "நீங்கள் கடைசியில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. மரியாதையாக, 'அம்மா' போட்டுத்தான் சொன்னார்கள்.

கடைசியில் வருகிற தண்ணீர் எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். குழாய் நூலாக இறங்கிப்போகும். நிறம் மாறும். ஒரு வாடை வரும். ஏன் என்று என்றாவது யோசித்தீர்களா? நம் குழாய்கள் எதன் வழியாக வருகின்றன? கட்டர் வழியாக. இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டு, மற்ற 22 மணி நேரமும் குழாயைக் காலியாகப் போடுகிறார்கள். அழுத்தம் குறையும்போது குழாயில் எங்கே பொத்தல் இருக்கிறதோ அங்கே வெளியே நிற்கிற சாக்கடையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் வந்தவுடன் வருகிற முதல் வாளியும் நிற்கப் போகும்போது வருகிற கடைசிக் குடமும்தான் மிக மோசம். முதல் வாளியைக் கழுவக் கொள்ள வைத்துக்கொள்வோம். கடைசிக் குடத்தை அந்த அம்மாளுக்குக் கொடுத்தோம். அதைத்தான் அவர் மகனுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

'கொடுத்தோம்' என்றுதான் சொல்கிறேன். அந்த வரிசையில் நானும் நின்றேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இந்த நோய் குடத்தால் பரவாது, குழாயால் பரவாது என்று எங்கள் சிஸ்டர் சொல்லிக் கேட்டவள். அன்று வாய் திறக்கவில்லை. 'இவளுக்கு எப்படித் தெரியும், இவள் வீட்டிலும் இருக்கிறதோ' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்த வருஷம் ஐப்பசியில் அந்தப் பையன் செத்துப்போனான். ஒன்றரை வருஷம் கழித்து, 2004 ஏப்ரல் 1ஆம் தேதி, அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில இடங்களில் இங்கே ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் ஒன்று, நம் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. ஒன்றரை வருஷம் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நல்ல தண்ணீர் மட்டும் அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. கெட்ட தண்ணீர் அவனைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்தக் கிருமி தண்ணீரில் பரவாது. ஒரே குடம், ஒரே தம்ளர், ஒரே மோரி, ஒரே சண்டாஸ், எதனாலும் பரவாது. கொசுவாலும் பரவாது. ரத்தத்தால், உடலுறவால், சுத்தம் செய்யாத ஊசியால், தாயிடமிருந்து பிள்ளைக்கு; இவைதான் வழிகள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவில்கூட மற்றவருக்குப் பரவாது என்று இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது எல்லோருக்குமே நல்ல பழக்கந்தான்.

ஆக, அவரால் நம் தண்ணீருக்கு ஆபத்தில்லை. ஆனால் நம் தண்ணீரால் அவருக்கு ஆபத்து உண்டு. நாம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குழாயைக் கழுவுகிறோம்.

எப்படி ஆபத்து? நமக்கு இரண்டு நாள் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகிற பூச்சி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரை மாதக்கணக்கில் படுக்கப் போட்டுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மனிதர், மாடு கன்றுகளின் கழிவிலிருந்து தண்ணீருக்கு வரும் நுண்ணுயிர் அது. இதற்கு ஓடு உண்டு. தண்ணீரில் போடுகிற குளோரின் அந்த ஓட்டை எளிதில் துளைக்காது. சி.டி.4 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்களே, அந்த எண்ணிக்கை 200க்குக் கீழே போனவர்களுக்கு இது வந்தால் லேசில் நிற்காது. தின்ற சோறு ஒட்டாது, சாப்பிட்ட மாத்திரையும் சரியாக உடம்பில் சேராது.

இது ஏழை நாட்டுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் மில்வாக்கி என்ற நகரத்தில், திறந்தால் 24 மணி நேரமும் தண்ணீர் கொட்டுகிற ஊரில், சுத்திகரிப்பு நிலையம் ஒன்று சரியாக வேலை செய்யாமல் இந்தப் பூச்சி குழாயில் வந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. பெரும்பாலோர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். அதே ஊர், அதே தண்ணீர்.

இங்கே நம் கதை என்ன? மும்பைக்குக் குடிநீர் எங்கே சுத்தமாகிறது? நகரத்தின் பெரும்பகுதிக்குப் பக்கத்து பாண்டூப்பில்தான். நமக்கு அடுத்த ஸ்டேஷன்களில் ஒன்று. தண்ணீர் சுத்தமாகிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு மலை மேல் குடம் சுமக்கிறோம்! 2021 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். விடிவதற்கு முன்னால் நம் சூர்யா நகரில் மலை சரிந்து 10 பேர் மாண்ட நாள். செம்பூரில் சுவர் விழுந்து 19 பேர். அதே மழையில்தான் பாண்டூப் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, நகரத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நின்றுபோனது. பிறகு தண்ணீர் விட்டபோது, காய்ச்சிக் குடியுங்கள் என்று மாநகராட்சி அறிவித்தது. மாடிக் கட்டடத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், "இரண்டு நாளாக ஒரே கஷ்டம்" என்று சொன்னார்கள். எங்களுக்கு வருஷமெல்லாம் அந்த இரண்டு நாள்தானே அம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குடிசைப் பகுதிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர், கட்டடத்தில் இருக்கிறவருக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சி நெடுங்காலமாகக் கைக்கொண்ட கணக்கு. 45 லிட்டர் என்றால் இரண்டு பெரிய கேனும் ஒரு சின்னக் குடமும். அதுவும் ஒழுங்காக வந்தால். வயிற்றுப்போக்கு நோயாளி இருக்கிற வீட்டில் ஒரு போர்வையை அலசி எடுக்கவே மூன்று வாளி வேண்டும். அவரைத் துடைக்க, கவனிக்கிறவள் ஒவ்வொரு முறையும் கை கழுவ, பாத்திரம் கழுவ, எங்கே போவது? கேன் வாங்குகிறோம். மாநகராட்சி ஆயிரம் லிட்டருக்கு வாங்குவதைவிட நாம் ஒரு கேனுக்குக் கொடுக்கிற காசு அதிகம். ஏழைக்குத்தான் இந்த ஊரில் தண்ணீர் விலை ஜாஸ்தி.

சரி, கிடைக்கிற தண்ணீரை வைத்து வீட்டில் என்ன செய்யலாம்? தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள், ஆண்களும் கேட்கலாம், பாவமில்லை.

குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் போதும். நான் சொன்ன அந்த ஓட்டுப் பூச்சியும் சாகும். கேஸ் விலைக்கு எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்க முடியாது. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் மாத்திரை விழுங்குவதற்குமாவது கொதித்த தண்ணீர் இருக்கட்டும். முடியாத நாளில் மாநகராட்சி தவாக்கானாவில் குளோரின் மாத்திரை கேளுங்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கிற அளவுப்படி போட்டு அரைமணி நேரம் விடுங்கள். ஓட்டுப் பூச்சிக்கு அது போதாது, காலரா முதலான மற்றவற்றுக்குப் போதும்.

கொதிக்க வைத்ததைவிடப் பெரிய விஷயம், அதை எதில் வைக்கிறோம் என்பது. வாயகன்ற டிரம்மில் ஊற்றி வைத்து, பிள்ளை ஓடி வந்து அழுக்குக் கையோடு தம்ளரை முக்கினால், கொதிக்க வைத்த கேஸ் தண்டம். வாய் குறுகிய, கீழே சின்னக் குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கிராமங்களில், எச்.ஐ.வி. உள்ளவர்களின் வீடுகளுக்கு இப்படிக் குழாய் வைத்த பாத்திரமும் குளோரின் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கு நாலில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரையும் சேர்ந்தபோது இன்னும் மிக அதிகமாகக் குறைந்தது. அந்த மாத்திரையை இங்கேயும் தேவைப்பட்டவர்களுக்கு ஏ.ஆர்.டி. சென்டரில் இலவசமாகத் தருகிறார்கள். டாக்டர் எழுதித் தந்தால் 'இது என்ன சளி மாத்திரை' என்று தூக்கிப் போடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரண்டு நாளில் நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் போனாலோ ஆஸ்பத்திரி. கவனிக்கிறவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எச்.ஐ.வி.க்குப் பயந்து அல்ல, அது மலத்தால் வராது. வயிற்றுப்போக்குக் கிருமி வீட்டில் மற்றவர்களுக்கும், திரும்ப நோயாளிக்கும் வராமல் இருப்பதற்காக.

சண்டாஸ் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஆண்கள் முகம் சுளித்தாலும் சரி. மலை மேலிருந்து இருட்டில் படியிறங்கி, பொதுச் சண்டாசில் வரிசையில் நின்று வருவது எப்படி என்று வயிற்றுப்போக்கு உள்ள ஒரு பெண்ணைக் கேளுங்கள். எங்கள் வார்டில் ஒருத்தி ராத்திரி சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிட்டாள், இருட்டில் வெளியே போகக் கூடாதென்று. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது என்று பிறகு மாத்திரையையும் விட்டாள். கேஸ் பேப்பரில் 'நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதினார்கள். சண்டாஸ் இல்லை என்று எழுதுவதற்கு அந்தப் பேப்பரில் இடமில்லை.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு செய்தி. எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கக் கூடாது, புட்டிப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று முன்பெல்லாம் பல இடங்களில் சொன்னார்கள். தென்னாப்பிரிக்கா பக்கத்து போட்ஸ்வானா நாட்டில் அரசாங்கமே இலவசமாகப் பால் மாவு கொடுத்தது. நல்ல எண்ணந்தான். 2006 தொடக்கத்தில் பெருமழை பெய்து தண்ணீர் கெட்டது. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளே மிகுதியாக மடிந்தன. கிருமிக்குப் பயந்து தண்ணீரிடம் மாட்டிக்கொண்டார்கள். இன்று நம் நாட்டிலும் தாய் மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதுதான் சிறந்தது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொல்வதைக் கேட்டுப் புட்டியைத் தூக்காதீர்கள். அதையும் இதையும் கலந்து கொடுப்பது இன்னும் கெடுதல். டாக்டரைக் கேளுங்கள்.

இனி அந்தக் குழாய் கழுவிய விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மராட்டிய மண்ணில், இங்கிருந்து தெற்கே மகாட் என்ற ஊரில், சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். பொதுநீர்நிலைகள் எல்லோருக்கும் என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாட் நகரசபையும் ஒப்புக்கொண்டது. ஆனால் மாடு குடிக்கலாம், மகர் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பிறகு மேல்சாதிக்காரர்கள் என்ன செய்தார்கள்? 108 குடம் பஞ்சகவ்வியம், அதாவது பாலும் தயிரும் சாணியும் மூத்திரமும் குளத்தில் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம், கோபப்படுகிறோம். இந்தக் கூட்டத்தில் இருக்கிற பலருடைய தாத்தா பாட்டியும் ஊரில் கிணற்றடியில் தள்ளி நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தவர்கள்தான். அவர்கள் பேரப்பிள்ளைகள் நாம் சோப்புப் போட்டுக் குழாயைக் கழுவினோம். நமக்குச் சாணி தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக 2017இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை, சுடுகாடு என்று எண்ணி எண்ணிச் சொல்லி, இவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவில் தீண்டாமைக்கு எதிராக வரும் அதே கிணறு, அதே குளம், அதே படித்துறை. நோயாளிக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்கும் இந்தச் சட்டம் காவல். 2002இல் இது இருந்திருந்தால் அந்தத் தாய்க்கும் காவலாக இருந்திருக்கும். உனக்கு என்ன நோய், சொல் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. புகார் கேட்க மாநிலத்துக்கு ஓர் ஒம்புட்ஸ்மன் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். விவரம் கேட்க 1097 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

சட்டம் வாசலில் வந்து தண்ணீர் ஊற்றாது என்பதும் எனக்குத் தெரியும். 1995 ஜனவரி 1க்குப் பிறகு வந்த குடிசைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று 1996இல் மாநில அரசு சுற்றறிக்கை விட்டது. பானி ஹக் சமிதித் தோழர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: தண்ணீர் உயிர் வாழும் உரிமையின் பகுதி, குடிசை சட்டவிரோதம் என்பதற்காகக் குடிநீரே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மே மாதம் 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று மாநகராட்சியும் கொள்கை அறிவித்தது. அறிவித்ததை வாங்குவது நம் வேலை.

அதற்குத்தான் இந்த மனு. நம் சந்தில் புதுக் குழாய் கேட்டு எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து கொடுக்கிற மனு. போன வாரம் கையெழுத்துக்குப் போனேன். இரண்டு பேர், 'ஒரு வீட்டின் பெயரை எடுத்துவிடுங்கள், போடுகிறோம்' என்றார்கள். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். காரணத்தை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரை எடுக்கவும் இல்லை. சந்தில் எத்தனை வீடோ அத்தனை பெயரும் இருக்கின்றன. குழாய் வந்தால் முறை எப்படி என்றும் அடியில் எழுதியிருக்கிறேன்: வருகிற வரிசைப்படி, ஒரு வீட்டுக்கு ஒரு முறை. யாருக்கும் 'கடைசி' என்று தனி இடம் கிடையாது.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வார்டு ஆபீசுக்குப் போகிறோம். அரைநாள் சம்பளம் போனாலும் வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். அந்த இரண்டு கையெழுத்துக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பேனா தலைவர் அண்ணாச்சியிடம் இருக்கிறது.